சுவிட்சை விட்ட பிறகு பிளேடு என்ன செய்கிறது? மார்பிள் கட்டரும் வட்ட ரம்பமும்

செங்கோட்டைக்கும் புளியரைக்கும் இடையே எந்த வீட்டு வேலைக்குப் போனாலும் தச்சர் கையில் முதலில் கண்ணில் படுவது மார்பிள் கட்டர்தான். கல் அறுக்கச் செய்த இயந்திரம் அது. டைல்ஸ் பிளேடைக் கழற்றிவிட்டு, நான்கு அங்குல மர பிளேடை மாட்டி, நிலைக்கால் முதல் பிளைவுட் வரை எல்லாவற்றையும் அதிலேயே அறுத்துவிடுகிறார்கள். நானும் பதினோரு ஆண்டுகள் அப்படித்தான் அறுத்தேன். இப்போது தொடுவதில்லை. என் வேலையிடத்தில் மற்றவர்களையும் விடுவதில்லை.

அதற்கு மாற்று 185 மில்லிமீட்டர் பிளேடு போடும் கையடக்க வட்ட ரம்பம். கடையில் சர்குலர் சா என்று கேட்டால் கொடுப்பார்கள். இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக விலை, எடை, வேகம் மூன்றையும் பார்ப்பார்கள். மூன்றிலும் மார்பிள் கட்டர் ஜெயிக்கும். சில ஆயிரம் ரூபாய் குறைவு, கைக்கு லேசு, சுவர் ஓரத்திலும் நுழையும். நான் பார்ப்பது வேறு: சுவிட்சிலிருந்து விரலை எடுத்த பிறகு பிளேடு என்ன ஆகிறது?

மார்பிள் கட்டரின் மூடி பிளேடின் மேல்பாதியை மட்டும் மறைக்கும். கீழ்ப்பாதி எப்போதும் திறந்தே இருக்கும். அதைச் செய்தவர்கள் மேல் குற்றமில்லை. கல் அறுக்கும் வைர பிளேடுக்குப் பல் கிடையாது. அது கல்லைத் தேய்த்துத்தான் அறுக்கும். மர பிளேடின் பல்லோ கவ்வி இழுக்கும். நிமிடத்துக்கு 12,000 முதல் 13,000 சுற்று ஓடும் அந்தச் சிறிய பிளேடின் விளிம்பு, கணக்குப் போட்டால், மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது. சுவிட்சை விட்ட பிறகும் சில நொடிகள் அது சுற்றிக்கொண்டே இருக்கும். சுவிட்சைப் பூட்டிவைக்கும் பொத்தான் உள்ள மாடலாக இருந்தால், கை நழுவினாலும் நிற்காது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் புளியரையில் ஒரு மாடி வேலை. என் அக்கா மகன் பலகையை அறுத்து முடித்துவிட்டு, பிளேடு நிற்பதற்குள் கட்டரைப் பலகைமேல் வைத்தான். பல் மரத்தைக் கவ்வியது. கட்டர் தானாக ஓடி விளிம்பைத் தாண்டி அவன் பாதத்தின் மேல் விழுந்தது. காலில் ரப்பர் செருப்பு. ஒன்பது தையல். அந்தக் கட்டரை அவன் கையில் கொடுத்தவன் நான்.

வட்ட ரம்பத்தில் இது நேர்ந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். அதன் கீழ்மூடியில் ஸ்பிரிங் இருக்கிறது. அறுக்கும்போது மரம் தள்ளத் தள்ள மூடி விலகும். மரத்தை விட்டு வெளியே வந்ததும் தானே மூடிக்கொள்ளும். ஆனால் அந்த மூடியைக் கம்பியால் தூக்கிக் கட்டிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. “கோடு தெரியவில்லை, அண்ணாச்சி” என்பார்கள். மூடியைக் கட்டிய வட்ட ரம்பம் இன்னும் பெரிய பல்லோடு இருக்கும் மார்பிள் கட்டர்தான். கோடு தெரியாவிட்டால் அடித்தட்டின் முன்னால் உள்ள வெட்டுக்குறியைப் பாருங்கள். இல்லையென்றால் நேர்ச்சட்டம் ஒன்றைக் கிளாம்ப் போட்டு, அதை ஒட்டித் தள்ளுங்கள். தூசி அடைத்தால் மூடி பாதியில் நின்றுவிடும். ஆகவே காலையில் முதல் வேலை பிளக்கைக் கழற்றிவைத்துவிட்டு மூடியை விரலால் தள்ளிவிட்டுப் பார்ப்பது. டக்கென்று திரும்பி வர வேண்டும்.

அடுத்தது உதைப்பு. இரண்டு இயந்திரமும் உதைக்கும். பலகையின் இரண்டு முனைகளையும் ஸ்டூலில் வைத்து நடுவில் அறுத்தால், அறுந்த இடம் தொய்ந்து வாய் மூடிக்கொள்ளும். பிளேடு நடுவில் சிக்கும், இயந்திரம் எகிறி அறுப்பவர் மேலேயே வரும். ஆரியங்காவு, புனலூர் பக்கமிருந்து வரும் ரப்பர் மரத்தில் உள்ளிழுப்பு, அதாவது மரத்துக்குள்ளேயே இருக்கும் இறுக்கம், அதிகம்; நேராகத் தாங்கியிருந்தாலும் வாய் மூடப் பார்க்கும். வெட்டுக்கு அருகிலேயே தாங்கல் கொடுத்து, கழிவுத் துண்டு தாராளமாகக் கீழே விழும்படி விட வேண்டும். நீளவாக்கில் அறுக்கும்போது பின்னால் அறுந்த வாயில் சிறிய ஆப்பு வைக்கலாம். பிளேடு மரத்தின் அடியில் ஒரு பல் உயரத்துக்கு மேல் தெரியக் கூடாது. உடம்பு பிளேடின் நேர்க்கோட்டில் நிற்கக் கூடாது.

இங்கும் கட்டர் தோற்கிறது. அதன் ஆழம் 35 மில்லிமீட்டர் அளவுதான். மூன்றங்குலக் கோங்கு நிலைக்காலை இரண்டு பக்கமும் புரட்டிப் புரட்டி அறுத்தாலும் நடுவில் கொஞ்சம் மிஞ்சும். இரண்டு வெட்டும் ஒரே கோட்டில் வராது. கையைத் திருகிச் சரிசெய்வோம். திருகினால் பிளேடு சிக்கும். வட்ட ரம்பமும் மூன்றங்குலத்தை ஒரே வெட்டில் முடிக்காது, 65 மில்லிமீட்டர் போகும். மிச்சத்தைக் கைரம்பத்தால் நான்கு இழுப்பில் அறுத்துவிடலாம்.

இரும்பு தேய்க்கும் கை கிரைண்டரில் மர பிளேடு மாட்டுவதைப் பற்றி அலச ஒன்றுமில்லை. பல் வைத்த பிளேடைப் போடாதே என்று அதன் கையேடுகளே எச்சரிக்கின்றன.

மெல்லிய பிளேடு மேலும் கீழும் போய்வந்து அறுக்கும் ஜிக்சாவை நான் மெச்சுவேன். மெதுவானது, கனமான மரத்தில் பிளேடு வளைந்து வெட்டு சாய்ந்துவிடும். ஆனால் பிளைவுட்டில் சுவிட்ச் பெட்டிக்கு ஓட்டை போடவும் வளைவு எடுக்கவும் அதைவிடப் பத்திரமான மின் ரம்பம் இல்லை. இடது கை விரல் பலகைக்கு அடியில் போகாமல் இருந்தால் போதும்.

1956 வரை செங்கோட்டை இன்றைய கேரளப் பகுதியோடு சேர்ந்திருந்தது. அந்தக் காலத்து மச்சு வீடுகளைப் பிரிக்கும்போது உத்திரத்துக்குள் ஆணி ஒளிந்திருக்கும். வட்ட ரம்பத்தின் கார்பைடு பல் அதில் பட்டால் தெறித்துவிடும். காந்தத்தைத் தடவிப் பார்த்து, சந்தேகமான இடத்தைக் கைரம்பத்துக்கு விட்டுவிடுகிறேன். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரும் அருகில் நிற்கக் கூடாது.

உடையில் எனக்குச் சமரசம் இல்லை. கழுத்துத் துண்டு, மடித்துக் கட்டிய கைலி, தொளதொள கையுறை மூன்றும் சுற்றும் பிளேடுக்கு இரை. மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்துவிட்டது. முகமூடிக்குப் பதில் கைக்குட்டை கட்டுவது பயன் தராது.

ஒயரா, பேட்டரியா என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் பதில் சொல்வது சாரல்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஈரத் தரையில் டேப் சுற்றிய எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது. ஒயர் இயந்திரம்தான் இருக்கிறது என்றால் மின்கசிவு 30 மில்லிஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் வழியாக மட்டுமே மின்சாரம் எடுக்க வேண்டும். அந்த மூன்று மாதமும் நான் பேட்டரி ரம்பத்துக்கு மாறிவிடுகிறேன். வேகம் குறைவு, சார்ஜுக்குக் காத்திருக்க வேண்டும், விலையும் அதிகம். ஒயர் இயந்திரத்தில் பிளக்கைப் பிடுங்கினால் கண்ணுக்குத் தெரியும். பேட்டரி ரம்பமோ எப்போதும் உயிரோடு இருக்கும், அதை மறந்துவிடுகிறோம். என் அக்கா மகன் இப்போது பிளேடைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றி, எல்லோருக்கும் தெரியும்படி ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்கிறான்.