கடை மேசைக்கு எது தோது: தாளா, போனா, கிண்டிலா?

மட்டக்களப்பு நகரத்தில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன், வீடு கல்லடியில். காலை எட்டரைக்குக் கடை திறந்தால் இரவு எட்டு மணி வரை சீமெந்து, ஆணி, பெயின்ட் என்றே போகும். ஆனாலும் நாளுக்கு இருபது பக்கமாவது வாசிக்காவிட்டால் எனக்கு அந்த நாள் முடிந்ததாகவே இருக்காது. தாள் புத்தகம், போன், கிண்டில் (அமேசானின் மின்நூல் வாசிக்கும் கருவி), ஒலிப்புத்தகம் நாலையும் வருடக்கணக்கில் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். எது நல்லது என்று வியாபார நண்பர்கள் கேட்பதால் எழுதுகிறேன்.

கடைக்காரருக்கு வாசிப்பு நேரம் ஐந்து நிமிடம், ஏழு நிமிடம் என்று துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். ஒரு பக்கம் முடிப்பதற்குள் அரை இஞ்சி எல்போ கேட்டு ஒருவர் வந்து நிற்பார். அதனால் விலையை விட நான் முக்கியமாகப் பார்ப்பது, எழுந்துபோய்த் திரும்பி வந்தால் விட்ட இடத்திலேயே மனம் மறுபடி உட்காருகிறதா என்பதைத்தான்.

போன் இதில் தோற்றுவிடுகிறது. புத்தகம் அதில் இலவசமாகக் கிடைக்கும், எப்போதும் சட்டைப்பையில் இருக்கும், எல்லாம் சரி. ஆனால் என் போன்தான் என் கடை. ஓடர் வருவது வாட்ஸ்அப்பில், லொறிக்காரர் அழைப்பது அதில், வங்கிச் செய்தி வருவதும் அதில். கதையில் ஒருவர் இறந்துகொண்டிருக்கும்போது மேலே "நாளைக்கு ஐம்பது மூட்டை" என்று வந்து விழும். பதில் அனுப்பிவிட்டுத் திரும்பினால் பக்கம் அங்கேயே இருக்கும், நான் அங்கே இருக்கமாட்டேன்.

தாள் புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு எழுந்துபோகலாம். அது வேறெதையும் காட்டாது, கூப்பிடாது. கடை மேசைக்கு என் தேர்வு அதுதான், சந்தேகமே இல்லை. செலவு கூடத்தான். இந்திய ரூபாய் ஒன்று நமக்குச் சுமார் மூன்றரை ரூபாய். சென்னையில் 300 ரூபாய்க்கு விற்கும் நூல் இங்கே வந்து சேரும்போது ஆயிரத்தைத் தாண்டிவிடும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது சில மாதம் புத்தகம் வாங்குவதையே நிறுத்தி வைத்தேன். பிறகு மாரி. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரியைச் சுவரோடு ஒட்டவிடாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். மழை விட்டதும் புத்தகங்களை நிழலில் விரித்துக் காற்றுப்பட வையுங்கள்.

ஈரத்தை விடப் பெரியது 2004 டிசம்பர் 26. அப்பா சேர்த்து வைத்த அலுமாரியைக் கடல் கொண்டுபோனது. அதில் வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழக'மும் இருந்தது, 1964இல் வந்த பதிப்பு. கடை கடையாகத் தேடினேன், கிடைக்கவில்லை. கடைசியில் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் கண்டேன். 2005இல் தொடங்கி, ஈழத்து நூல்களைப் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து இலவசமாகத் தருகிறார்கள். அவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. ஸ்கான் பிடிஎஃப் என்பது பக்கத்தின் படம் என்பதால் எழுத்தை மட்டும் பெருப்பிக்க வழியில்லை. போனில் விரலால் பெருப்பித்து இடமும் வலமுமாக இழுத்துக் கொண்டிருக்க வேண்டும். கிண்டிலின் ஆறு இஞ்சித் திரையில் இன்னும் கஷ்டம். டெப் அல்லது மடிக்கணினி என்றால் சுகமாக வாசிக்கலாம். பழைய ஈழத்து நூல் தேவையென்றால் திரைதான், அங்கே தாளோடு போட்டியே கிடையாது.

கிண்டில் 2016 முதல் தமிழ் நூல் விற்கிறது. எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெருப்பிக்கலாம், இரவில் கண் உளையாது, ஒருமுறை சார்ஜ் செய்தால் கிழமைக்கணக்கில் நிற்கும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது, போன் சார்ஜைக் கடைக்காகப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு இதில்தான் வாசித்தேன். சரக்கெடுக்கக் கொழும்புக்கு இரவு ரயிலில் போகும்போதும் இதுதான் துணை. ஆனால் நம் எழுத்தாளர்களின் நூல்கள் அதில் குறைவு. டொலரில் கட்டவும் வேண்டும்.

ஒலிப்புத்தகம் வான் ஓட்டும்போது மட்டும். கடையில் கிரைண்டர் சத்தத்துக்குள் அது எடுபடாது.

கிண்டிலில் எனக்கு உள்ள பெரிய மனக்குறை, அதிலுள்ள புத்தகத்தை ஒருவர் கையில் கொடுக்க முடியாது என்பது. போன மாதம் மேசையில் கவிழ்த்து வைத்திருந்த நாவலைப் பார்த்து, "முதலாளி, முடிச்சாப் பிறகு எனக்குத் தருவீங்களா?" என்று ஒரு மேசன் கேட்டார். அன்றிரவே முடித்து அடுத்த நாள் கொடுத்தேன். மூன்று கிழமையில் திருப்பிக் கொண்டுவந்தார், பக்கமெல்லாம் சீமெந்துத் தூசி. இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டார்.