தெப்பக்காடு யானை முகாம்: காலைப் பாருங்க

மேட்டுப்பாளையத்துல டயர் கடை வெச்சிருக்கேன். அதனாலயோ என்னமோ, முதுமலை போனா என் கண்ணு யானையோட பாதத்துக்குத்தான் போகும்.

தெப்பக்காடு முகாம்ல சாப்பாடு குடுக்கற நேரத்துக்குப் போங்க. ராகி, கொள்ளு, வெல்லம்னு கவளம் பிடிச்சு மாவுத்தருங்க வாய்க்குள்ளயே வெக்கறாங்க. எல்லாரும் அதைத்தான் வீடியோ எடுக்கறாங்க.

நீங்க கீழ பாருங்க. எடை இறங்கறப்ப பாதம் லோடு ஏத்தின டயர் மாதிரி பக்கவாட்டுல விரியுது, தூக்கினா சுருங்குது. சேத்துல இருந்து காலை உருவ அதுதான் வசதி. உள்ள விரல் எலும்பெல்லாம் நுனியில நிக்குது. குதிகால் பக்கம் கொழுப்பும் நாருமா ஒரு மெத்தை. அவ்ளோ பெரிய உடம்பு பக்கத்துல நடந்து போனாலும் சத்தமே இல்ல!

"முன்னங்கால்ல 5 நகம், பின்னங்கால்ல 4, எண்ணிக்குங்க சார்"னாரு ஒரு மாவுத்தர். எண்ணினேன், சரிதான்.

எனக்குப் பிடிச்சது, இதுங்களைக் காட்டுக்குள்ள மேய விடறாங்க, மாயாறுல குளிப்பாட்டறாங்க. நாள் முழுக்க சிமெண்ட் தரையில கட்டிப் போட்டா நகம் வெடிச்சு உள்ளங்கால் புண்ணாயிடும், அப்புறம் யானை நிக்கறதே கஷ்டம்.

முன்வரிசையில இடம் பிடிங்க. பின்னாடி நின்னா தும்பிக்கை மட்டும்தான் தெரியும். 5க்கு 4.5 குடுக்கறேன். அரை மார்க் கழிச்சது முகாமுக்கு இல்ல, செல்ஃபிக்காகக் கத்தற கூட்டத்துக்கு.