பின் டயரின் உள்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்

போடிமெட்டைத் தாண்டி, கேரளத்தின் சாந்தன்பாறைப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் ஏலத் தோட்டம் இருக்கிறது. வீடு போடிநாயக்கனூரில். வாரத்தில் நான்கு நாள் அந்த மலையை ஏறி இறங்குகிறேன். நான்கு சக்கரமும் இழுக்கும் இரட்டைக் கேபின் பிக்கப் வண்டி, நானேதான் ஓட்டுகிறேன். அதை அவசரத்துக்கு ஏற்றபடி தயார் செய்து தருவதாகச் சொல்லி 68,000 ரூபாய் வாங்கிய ஒரு கடைக்காரர், அவசரம் வந்த இரவில் ஓர் உயிரோடு என்னை நடுமலையில் நிற்க வைத்துவிட்டார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் செய்ததை மட்டும் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

எதற்காக இவ்வளவு செலவு என்று என் தம்பியே கேட்டான். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கியவர்களைத் தோளிலும் போர்வையிலும் சுமந்து இறக்கியவர்கள் அந்த மலை ஊர்க்காரர்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இடுக்கி அணையின் மதகுகளை 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தார்கள். மூணாறு துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. மாண்டவர்கள் எழுபது பேர். பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அந்தச் செய்தி எங்கள் லயத்துக்கு வந்த காலையில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. மலையில் சாலை அறுந்தால் கீழிருந்து உதவி வரும்வரை பக்கத்தில் நிற்கிற வண்டிதான் ஆம்புலன்ஸ். எங்கள் தோட்டத்தில் அந்த வண்டி என்னுடையது.

ஆகவே ஐந்து டயர், தீயணைப்பான், இழுவைப் பட்டை, முதலுதவிப் பெட்டி, முன்பக்கக் கம்பித் தடுப்பு, பிரேக் ஆயில் மாற்றுதல், முழுச் சோதனை என்று எல்லாவற்றையும் ஒரே கடையில் ஒப்படைத்தேன். வண்டி இரண்டு நாள் அங்கேயே நின்றது. கடைக்காரர் சாவியைக் கொடுக்கும்போது, "அக்கா, இனிமேல் கண்ணை மூடிக்கொண்டு மலை ஏறுங்கள்" என்றார்.

சென்ற ஐப்பசி மழையில், இரவு பத்தே கால் மணிக்கு, தோட்டத்துப் பெரியவருக்கு நெஞ்சு வலி வந்தது. எங்களிடம் இருபது ஆண்டாக வேலை செய்கிறவர். பூப்பாறைப் பக்கம் மரம் விழுந்திருந்ததால் ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். அவரைப் பின் இருக்கையில் படுக்கவைத்து, அவர் மனைவி தலையை மடியில் ஏந்திக்கொள்ள, போடியை நோக்கி இறங்கினேன். போடிமெட்டிலிருந்து அடிவாரத்து முந்தல் வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தாண்டியிருப்பேன். பின்பக்க இடது டயர் வெடித்தது. வண்டி மலைச் சுவர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் ஓடைக்குள் ஒரு சக்கரத்தை இறக்கிக்கொண்டு நின்றது. மறுபக்கம் இழுத்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

கைபேசியில் சிக்னல் இல்லை. டயர் மாற்ற எனக்குத் தெரியும். ஜாக்கியை வைத்துத் தூக்கினேன். தூக்கத் தூக்க மெல்ல மெல்ல இறங்கியது. கையெல்லாம் எண்ணெய். டார்ச் அடித்துப் பார்த்தால், அது என் வண்டியின் ஜாக்கியே அல்ல. வீல் நட்டுகளோ காற்றுத் துப்பாக்கியால் இறுக்கியபடி இறுகிக் கிடந்தன. ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தும் இரண்டு அசையவில்லை. ஸ்டெப்னியை அழுத்திப் பார்த்தேன், காற்று பாதிகூட இல்லை. உள்ளே அந்த அம்மா, "வந்துவிடும் சாமி, வண்டி வந்துவிடும்" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும் கழிந்த பிறகு கீழ்நோக்கி ஒரு காய்கறி வண்டி வந்தது. ஓட்டி வந்த சேட்டன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெரியவரைத் தூக்கித் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

பெரியவர் பிழைத்துவிட்டார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி கெட்டுவிட்டது, இன்னும் முன்னால் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். இப்போது அவரால் சரிவில் பத்து எட்டு ஏற முடியவில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் யாரிடம் விலை கேட்பது?

மறுநாள் காலை தொழிலாளர் ஜீப் ஒன்று என் வண்டியை ஓடையிலிருந்து இழுக்க முயன்றது. எட்டு டன் தாங்கும் என்று அச்சிட்ட இழுவைப் பட்டை முதல் இழுப்பிலேயே தையலோடு பிய்ந்தது. முனையிலிருந்த இரும்புக் கொக்கி பறந்துபோய் ஜீப்பின் பின்விளக்கை உடைத்தது. அங்கே ஓர் ஆள் நின்றிருந்தால் தலை போயிருக்கும். சேற்றில் சிக்கிய வண்டியை வெட்டி இழுப்பதற்குக் கொக்கி தைத்த பட்டை ஆகவே ஆகாது. இரு முனையும் வளையமாகத் தைத்த, நீண்டு கொடுக்கும் நைலான் பட்டை வேண்டும். அந்தப் பட்டையை, தாங்கும் எடை பொறித்த ஷாக்கிள் என்ற இரும்புப் பூட்டு வளையத்தால் வண்டியின் சேஸிஸோடு, அதாவது அடிச்சட்டத்தோடு, வந்த கொக்கியில் மாட்ட வேண்டும். இழுக்கும்போது பட்டையின் நடுவில் நனைந்த சாக்கைப் போட வேண்டும், அறுந்தாலும் அவ்வளவு வேகமாகப் பறக்காது. இதை எனக்குச் சொன்னவர் போடியில் நாற்பது ஆண்டாக மலை ஜீப்புகளைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன். கடைக்காரருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

அண்ணனின் பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்தி ஒவ்வொன்றாகத் திறந்தோம். முதலில் டயர். டயரின் பக்கவாட்டில், டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3823 என்றால் 2023ஆம் ஆண்டின் 38ஆவது வாரம் செய்தது. இது எனக்கு முன்பே தெரியும். கடையில் குனிந்து பார்த்தேன், முன் டயர் இரண்டிலும் 3823 இருந்தது, திருப்தியாக வந்துவிட்டேன். தேதி எண் பல டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. பின் டயர் இரண்டையும் ஸ்டெப்னியையும் அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டியிருந்தார்கள். அடியில் படுத்து விளக்கடித்தபோது தெரிந்தது 1114. விற்காமல் கிடந்த பத்தாண்டுச் சரக்கு. தரையைப் பிடிக்கும் பட்டன் ஆழமாக இருக்கிறது, கறுப்புப் பாலிஷ் மின்னுகிறது, ரப்பர் மட்டும் செத்துவிட்டது. பாலிஷைத் துடைத்தால் ஓரமெல்லாம் முடி முடியாக வெடிப்பு. ஓடாத டயரும் கிழடாகும். ஐந்தாறு ஆண்டுக்கு மேல் போனால் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்தாண்டானால் பட்டன் எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது டயர் செய்கிறவர்களே சொல்லும் கணக்கு.

ஏலக்காயை ஏழு மில்லி, எட்டு மில்லி என்று சலித்து, நிறம் பார்த்து, கையில் உருட்டி விலை பேசுகிற ஊர் எங்கள் ஊர். அந்த ஊர்க்காரியான என் கண்ணுக்கு நேரே இதைச் செய்திருக்கிறார்.

அடுத்தது பிரேக் ஆயில். மாற்றியதாகச் சொல்லிக் காசு வாங்கியிருந்தார். டப்பியைத் திறந்தால் கடுங்காப்பி நிறம். மேலே கொஞ்சம் புதிதாக ஊற்றி நிரப்பியதோடு சரி. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டி.ஓ.டி. 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கிவிடும். 17 வளைவிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகும், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. அன்று இரவு நான் இரண்டாம் கியரிலேயே இறங்கினேன். என் அப்பா சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. இல்லாவிட்டால் டயர் வெடிப்பதற்கு முன்பே வேறொன்று நடந்திருக்கும்.

தீயணைப்பானின் முள் பச்சையில் நின்றது. ஊசியை எடுத்து அழுத்தினோம்; உஸ் என்று காற்று வந்தது, ஒரு கைப்பிடித் தூள் விழுந்தது, முள் அப்போதும் பச்சையில்தான் நின்றது. முதலுதவிப் பெட்டியிலிருந்த களிம்பு காலாவதியாகி மூன்று ஆண்டு. முன்பக்கக் கம்பித் தடுப்பு 12,000 ரூபாய். "யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்" என்று பொருத்தினார். இத்தகைய தடுப்புகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுக்கு எதிரானவை என்று 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கேரள எல்லைக்குள் வண்டி மாற்றங்களைக் கண்டிப்பாகவே பார்ப்பார்கள். பூப்பாறையில் எனக்கு அபராதம் போட்டு, கழற்றச் சொன்னார்கள். அவர்கள் செய்தது சரி.

ஜாக்கி விஷயத்தைத்தான் என்னால் இன்னும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. டயரிலாவது லாபம் பார்த்தார் என்று சொல்லலாம். இருக்கைக்கு அடியில் உறையோடு இருந்த என் வண்டியின் சொந்த ஜாக்கியை எடுத்துக்கொண்டு, எண்ணெய் ஒழுகும் பழையதை அதே உறையில் போட்டு வைத்திருக்கிறார். இந்தப் பொருள்களை யாரும் அன்றாடம் தொட மாட்டார்கள், தொடுகிற நாளில் புகார் சொல்ல ஆள் இருப்பாரோ இல்லையோ என்று கணக்குப் போட்டுச் செய்த வேலை இது.

போய்க் கேட்டேன். முதலில் மறுத்தார். பிறகு, "இரண்டு டயர் மாற்றித் தருகிறேன், விட்டுவிடுங்கள் அக்கா" என்றார். என்னிடம் இருந்தது ஜி.எஸ்.டி. எண் இல்லாத 'எஸ்டிமேட்' சீட்டு. வரி மிச்சம் என்று அவர் சொன்னதைக் கேட்டு அதை வாங்கியது என் தவறு. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். முறையான ரசீதில் டயரின் நான்கு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். பணம் யு.பி.ஐ. வழியாகப் போனதால் அந்தப் பதிவு கைகொடுத்தது. வண்டி டெலிவரி எடுத்த அன்று கருவிகளைப் பரப்பி வைத்து மகள் எடுத்த படமும் இருக்கிறது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிந்தேன். கடை பதில் சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். வக்கீல் இல்லாமலே கொடுத்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு ஏறுகிறவர்கள் இருப்பீர்கள். இன்று மாலையே ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பின் டயரின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டெப்னியைக் கீழே இறக்கிக் காற்றைச் சோதியுங்கள். ஜாக்கியில் வண்டியைத் தூக்கிப் பத்து நிமிடம் அப்படியே விட்டு, இறங்குகிறதா என்று பாருங்கள். அதற்குள் வண்டிக்கு அடியில் மட்டும் யாரும் போகவேண்டாம். நட்டுகளை உங்கள் கையாலேயே ஒருமுறை தளர்த்தி இறுக்குங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு கனமான பலகைத் துண்டு வண்டியிலேயே கிடக்கட்டும், மழையில் மண் தாங்காது.

வெடித்த டயரை நான் எறியவில்லை. அந்த ஜாக்கியும் பிய்ந்த பட்டையும் சாக்கில் கட்டி வீட்டு முன்னறையில் இருக்கின்றன. விசாரணைக்கு அழைக்கும் நாளில் மூன்றையும் எடுத்துக்கொண்டு போகிறேன். பெரியவரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.