மூணாறு குளிருக்கு வாஷர் லிக்விட் மாற்றுகிறவர்கள் கவனத்துக்கு

மூணாறு, தேவிகுளம், செண்டுவரை பக்கம் கார் வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு வண்டியைச் சர்வீசுக்கு விடுங்கள். வாஷர் லிக்விட் என்பது காரின் முன்கண்ணாடியைக் கழுவ அதன் மேல் பீய்ச்சும் திரவம்.

டிசம்பர் கடைசியில் கீழே தேனிப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரை விட்டேன். "அண்ணே, ஜனவரியில எங்க ஊரு சைபருக்குக் கீழ போயிடும். வாஷர் டேங்க்ல இருக்குற தண்ணிய எடுத்துட்டு உறையாத லிக்விட் ஊத்துங்க" என்று தெளிவாகவே சொன்னேன். பில்லில் அதற்கு மட்டும் 420 ரூபாய். டேங்க் நீல நிறத்தில் நிறைந்திருந்தது. நம்பி வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, அம்மாவை தேனி ஆஸ்பத்திரியில் காட்டுவதற்காக விடியும் முன்னே கிளம்பினோம். புல்லெல்லாம் உறைபனி. கேப் ரோடு மலைப்பாதையில் முன்னால் போன லாரி ஈரப் புழுதியைக் கண்ணாடியில் வாரியடித்தது. வாஷரைப் போட்டால் மோட்டார் முனகுகிறது, ஒரு சொட்டு வரவில்லை. வைப்பர் புழுதியைக் கண்ணாடி முழுக்க இழுகிவிட்டது. அந்த நேரம் பார்த்து எதிரே சூரியன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், ரோடு தெரியவில்லை. எப்படி ஓரங்கட்டினேன் என்று இப்போதும் தெரியவில்லை. அம்மா முந்தானையைக் குடிதண்ணீரில் நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

பானட்டைத் திறந்து பார்த்தேன். டேங்கில் நீல ஐஸ்.

திரும்பும்போது ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். "ஷாம்பு கலந்திருக்கு தம்பி, அதெல்லாம் உறையாது" என்கிறார். சுத்தப் பொய். ஷாம்பு அழுக்கைத்தான் எடுக்கும். தண்ணீர் உறையாமல் இருக்க மெத்தனால், எத்தனால் போன்ற ஆல்கஹால் கலந்திருக்க வேண்டும். நீல நிறம் வெறும் சாயம், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பணமும் தரவில்லை. ஐஸை எதிர்த்து ஓடிய மோட்டார் எரிந்து, அதற்கு வேறு 700 ரூபாய் போனது.

அதனால் பாட்டிலை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். எத்தனை டிகிரி வரை உறையாது என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். கடைகளில் கிடைக்கும் சின்ன பாட்டில்கள் பலவும் தண்ணீரில் கலக்கும் சோப்பு மட்டுமே. பழைய தண்ணீரை முழுக்கக் காலி செய்யாமல் மேலே ஊற்றினால் நல்ல லிக்விடும் நீர்த்துப்போய் உறையும். ஊற்றிய பிறகு, குழாயிலும், கண்ணாடியில் பீய்ச்சும் நாசிலிலும் நிற்கும் பழைய தண்ணீர் வெளியேறும் வரை அடித்துவிடுங்கள். தெர்மாமீட்டர் 2, 3 டிகிரி காட்டுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். திறந்தவெளியில் நிற்கும் காரின் கண்ணாடி இரவில் காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும், அதில் படும் தண்ணீர் உறைந்துவிடலாம்.

சிலர் ரேடியேட்டர் கூலண்டை ஊற்றச் சொல்கிறார்கள். வேண்டவே வேண்டாம். கண்ணாடியில் எண்ணெய் போலப் படியும், விஷமும் கூட. ஆல்கஹால் கலந்த வாஷர் லிக்விடும் விஷம்தான், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இந்த முறை நானே வாங்கினேன். மைனஸ் 20 வரை தாங்கும் என்று போட்டிருந்தது. ஒரு மூடியளவு ஃப்ரீசரில் ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் தண்ணீராகவே இருந்தது. அதன் பிறகுதான் டேங்கில் ஊற்றினேன்.