ஆர்எக்ஸ்-8க்கு மாற்றுக் கன்வெர்ட்டர்: பீங்கானா, தகடா, வெறுங்குழாயா?

போன பங்குனியில் வலங்கைமானைத் தாண்டி நீடாமங்கலம் போகும் சாலையில், காயவைத்த உளுந்துச் செடிகளின் மேல் என் மஸ்தா ஆர்எக்ஸ்-8 கார் ஊர்ந்து சென்றது. டெல்டாவில் அறுவடை முடிந்ததும் தார்ச்சாலைதான் களம். போகிற வருகிற வண்டிச் சக்கரங்கள்தான் போரடிக்கும் மாடுகள். கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். முறத்தோடு நின்றிருந்த அம்மா ஒருவர் ஓடிவந்து, "தம்பி, அடியில் புகைகிறது, பாருங்கள்!" என்று கத்தினார். தரையிலிருந்து ஒரு சாண்கூட உயராத அந்தக் காரின் வயிற்றில், புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுற்றி உளுந்துத் தட்டை சிக்கிக் கருகிக்கொண்டிருந்தது. அவர் குடத்திலிருந்த தண்ணீரை ஊற்றி அணைத்தோம். கும்பகோணம் திரும்பும் வழியெல்லாம் கன்வெர்ட்டருக்குள் கூழாங்கற்கள் உருளும் சத்தம் கேட்டது. அதற்குள் நுண்துளைகளோடு தேன்கூடு போல் இருக்கும் பீங்கான் சூடேறி உடைந்துவிட்டது.

அன்றிலிருந்து 4 மாதம் மாற்றுக் கன்வெர்ட்டர் தேடினேன். இந்தியாவில் மஸ்தா கார்களுக்கு விற்பனை நிலையம் கிடையாது. எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் சுவராஜ் மஸ்தா பள்ளி வேன்தான் நினைவுக்கு வரும். என் அத்தை மகன் சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியபோது கூடவே கொண்டுவந்த கார் இது. பிறகு என்னிடம் கொடுத்துவிட்டார். அதனால் எந்தப் பாகம் வேண்டுமானாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், அல்லது இங்கேயே ஒன்றை வெட்டி ஒட்ட வேண்டும். இதே நிலையில் இருப்பவர்களுக்காகவே எழுதுகிறேன்.

எதை வாங்குவது என்பதற்கு முன்னால், பழையது ஏன் செத்தது என்று கேளுங்கள். ஆர்எக்ஸ்-8இல் இருப்பது ரோட்டரி எஞ்சின்; பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோண ரோட்டர்கள் 2. ஒவ்வொன்றுக்கும் 2 ஸ்பார்க் பிளக், அவற்றுக்கு மின்சாரம் தரும் 2 இக்னிஷன் காயில். இந்தக் காரில் காயில்கள் சீக்கிரம் சோர்ந்துபோகும் என்பது ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அறிந்தது. என் வண்டியில் ஒரு காயில் பல வாரமாகவே ஒழுங்காகப் பொறி தராமல் இருந்திருக்கிறது. பொறி தப்பினால் எரியாத பெட்ரோல் நேரே கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். கன்வெர்ட்டர் பழுக்கக் காய்வது அதனால்தான்; உளுந்துத் தட்டை பற்றியதும் அதனால்தான். காயிலை மாற்றாமல் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றியிருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய புதியதும் சில மாதத்தில் அதே கதிக்கு வந்திருக்கும். 4 காயில்களையும் பிளக்குகளையும் சேர்த்தே மாற்றினேன். அதில் கஞ்சத்தனம் கூடாது.

ரோட்டரி எஞ்சினுக்கும் கன்வெர்ட்டருக்கும் உள்ள உறவே கடினமானது. பிஸ்டன் எஞ்சினின் கச்சிதமான உருளையைப் போல் அல்லாமல், இங்கே எரியும் அறை நீண்டு தட்டையாக இருக்கிறது. தீ அதன் ஓரங்களை எட்டுவதற்குள் அணைந்துவிடுவதால் எரியாத ஹைட்ரோகார்பன் கூடுதலாக வெளிவரும். ரோட்டரின் முனைச் சீல்கள் தேயாமலிருக்க எஞ்சினே கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை உள்ளே செலுத்தி எரிக்கிறது. அந்த ஆயிலில் இருக்கும் பாஸ்பரசும் துத்தநாகமும் சாம்பலாகக் கன்வெர்ட்டருக்குள் நச்சு வாயுவை மாற்றும் உலோகப் பூச்சில் படிகின்றன. புகையின் சூடும் சாதாரணக் காரைவிட அதிகம். மஸ்தா இதை ஆரம்பத்திலேயே அறிந்திருந்தது. 1970களில் அமெரிக்காவுக்கு அனுப்பிய ரோட்டரி கார்களில் கன்வெர்ட்டர் வைக்காமல், தெர்மல் ரியாக்டர் என்ற இரும்புக் கலத்தில் காற்றைச் சேர்த்து மிச்ச வாயுவை எரித்தது. 2003இல் வந்த ஆர்எக்ஸ்-8இன் ரெனிசிஸ் எஞ்சினில் வெளியேறும் வாயிலைப் பக்கச் சுவருக்கு மாற்றி ஹைட்ரோகார்பனைப் பெரிதும் குறைத்தார்கள். ஆனால் ஆயில் எரிப்பதும் சூடும் போய்விடவில்லை.

கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊர்க்காரருக்கு விளக்கவே வேண்டாம். வடிகால் மதகில் ஆகாயத்தாமரை அடைத்தால் தண்ணீர் வயலிலேயே நின்று பயிர் அழுகுகிறது. இங்கே வெளியேற முடியாத சூடு எஞ்சினுக்குள்ளேயே நின்று சீல்களைக் கெடுக்கிறது. நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை பாட வேண்டிய எஞ்சின் 5,000த்திலேயே மூச்சு முட்டினால், கியருக்குப் பக்கத்தில் கால் வைக்க முடியாத அளவு தரை சுட்டால், அடுத்த பயணம் வரை காத்திருக்க வேண்டாம்.

இனி தேர்வுகள். அசல் மஸ்தா பாகம் எல்லா வகையிலும் சிறந்ததுதான். வெட்டு வேலை இல்லை, புகையை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார் அதன் இடத்தில் உட்காரும், சூட்டுக் கவசத் தகடு கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் சரக்குக் கட்டணமும் சுங்கமும் சேர்த்து எனக்கு வந்த விலைக்கு எங்கள் ஊரில் ஓடுகிற நிலையில் பழைய மாருதி ஒன்றை வாங்கலாம். பணம் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கட்டும். பிரித்த வண்டியிலிருந்து எடுத்த பழைய அசல் பாகத்தை மட்டும் நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். இன்னொரு ரோட்டரி எஞ்சினின் ஆயில் சாம்பலைப் பல வருடம் குடித்த பாகம் அது. பார்க்க நன்றாக இருக்கும், பூச்சு செத்திருக்கும்.

நான் போன பட்டறைகளில் பாதிப்பேர் சொன்ன வழி வேறு. உள்ளே இருக்கும் தேன்கூட்டைக் கம்பியால் குத்தி எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டுவது, அல்லது அந்த இடத்தில் வெறுங்குழாய் போடுவது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் தொழில் கற்றவர்கள். கன்வெர்ட்டர் இல்லாமலேயே வண்டிகள் ஓடிய காலம் அது. 4 பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானதே 1995இல்தான். கன்வெர்ட்டருக்குத் தேவையான ஈயமில்லா பெட்ரோல் நாடு முழுவதும் வந்தது 2000இல். ஆனால் இந்த யோசனை ரோட்டரிக்குச் சற்றும் பொருந்தாது. எரியாத ஹைட்ரோகார்பன் இயல்பாகவே அதிகம் வரும் எஞ்சின் இது. வெறுங்குழாயோடு மகாமகக் குளத்துத் தெருவில் ஒரு சுற்று வந்தால் பின்னால் வருபவரின் கண் எரியும். சத்தமோ காதைத் துளைக்கும். புகைச் சான்று கிடைப்பது கடினம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும் 3 மாதம் வரை சிறையும் இருக்கின்றன. இதற்கெல்லாம் ஈடாகக் கிடைக்கும் சக்தி எவ்வளவு? அடைத்துப்போன கன்வெர்ட்டரோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம் தெரியும், உண்மைதான். நல்ல உலோகத் தகட்டுக் கன்வெர்ட்டரோடு ஒப்பிட்டால் சாலையில் அந்த வித்தியாசத்தை உணரவே முடியாது.

ஆகவே உண்மையான போட்டி பீங்கானுக்கும் உலோகத் தகட்டுக்கும்தான். எல்லா வண்டிக்கும் பொது என்று விற்கப்படும் மலிவான கன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவை பீங்கான். கார்டியரைட் என்ற பீங்கானில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 400 கண்கள், அதாவது புகை போகும் துளைகள். சுவரின் தடிமன் சுமார் 0.15 மில்லிமீட்டர். சாதாரண பிஸ்டன் காருக்கு இது போதும், நீண்ட காலம் உழைக்கும். ரோட்டரியில் இரண்டு ஆபத்துகள். சுமார் 1,400 டிகிரி செல்சியஸில் பீங்கான் உருகத் தொடங்கும். பொறி தப்பும் எஞ்சின் அதன் மையத்தை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோய்விடும். உருகிய பீங்கான் கண்களை மூடிவிடும். இரண்டாவது ஆபத்து எங்கள் மண்ணுக்கே உரியது. ஐப்பசி, கார்த்திகையில் சாலையின் தாழ்வான இடங்களில் தேங்கும் தண்ணீருக்குள், பழுக்கக் காய்ந்த கன்வெர்ட்டரோடு இந்தத் தாழ்ந்த கார் இறங்கியே ஆக வேண்டும். அதோடு ஊருக்கு ஊர் வேகத்தடை. அடி வாங்கி உள்ளே தளர்ந்த பீங்கான், எஞ்சின் அதிர அதிரத் தூளாகிறது.

தகட்டுக் கன்வெர்ட்டரில் இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த தகடு நெளிநெளியாக மடித்துச் சுருட்டப்பட்டிருக்கும். தடிமன் 0.05 மில்லிமீட்டர் அளவுதான். சுவர் மெல்லியதாக இருப்பதால் புகை போக வழி அகலம். சீக்கிரம் சூடேறி வேலையைத் தொடங்கும். குளிர்ந்த தண்ணீர் தெறித்தாலும் விரிசல் விடாது. குறை இல்லாமல் இல்லை. மலிவான தயாரிப்பில் சுருளைக் கூட்டோடு சேர்த்துச் சரியாகப் பற்றவைத்திருக்க மாட்டார்கள். சூட்டில் நடுப்பகுதி பின்னோக்கிப் பிதுங்கி வரும். வாங்கும்போது ஒரு முனையில் சுருளைத் தாங்கும் குறுக்குக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். தகடு என்று சொல்லிப் பீங்கானைத் தருகிறார்கள் என்ற ஐயம் வந்தால், சிறு காந்தத்தைத் தேன்கூட்டின் முகத்தில் வையுங்கள்: தகடு இழுக்கும், பீங்கான் இழுக்காது. பூச்சில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எவ்வளவு என்பதை மட்டும் கண்ணால் பார்த்து அறிய முடியாது. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால், குறைத்தது அந்த உலோகத்தில்தான்.

தகட்டிலேயே 100 கண், 200 கண் என்று இரண்டு வகை. பந்தயத் தடத்துக்கு 100 கண் என்பார்கள். அதில் வாயு பூச்சைத் தொடாமலேயே பாய்ந்துவிடுகிறது. பின் சென்சார் அதைக் கண்டுபிடித்து எஞ்சின் விளக்கை எரியவிடும். தஞ்சாவூருக்கும் மயிலாடுதுறைக்கும் போய்வரும் காருக்கு அது தேவையே இல்லை. நான் 200 கண்ணை எடுத்தேன். அசல் பாகத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக முடிந்தது.

கூடு எந்த எஃகு என்பதையும் கேட்க வேண்டும். கடலை விட்டுத் தள்ளியுள்ள ஊர்களுக்கு 409 ரகம் போதும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் 304ஐ வாங்குங்கள், உப்புக்காற்று 409இல் சீக்கிரம் துரு ஏற்றும். பொருத்தும் வேலையை ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். எவர்சில்வர் தொழிலால் கும்பகோணத்தில் நல்ல கை உள்ளவர்களுக்குப் பஞ்சமில்லை. எனக்குச் செய்துகொடுத்த அண்ணன் கோயில் உண்டியலும் ஓட்டல் அடுப்பும் செய்கிறவர். அவரிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: பழையது இருந்த இடத்திலேயே புதியது இருக்க வேண்டும். எஞ்சினை நெருங்கினால் உருகும். பின்னால் தள்ளினால் சூடேறாது.

மாற்றிய பிறகு சில பழக்கங்களையும் மாற்றினேன். சீல்கள் தேயாமலிருக்கப் பெட்ரோலோடு கலக்கும் டூ-ஸ்ட்ரோக் ஆயிலில், சாம்பல் குறைந்த எஃப்டி (ஜப்பானிய ஜாசோ தரவரிசை) தரத்தை மட்டுமே வாங்குகிறேன். வெப்பமானித் துப்பாக்கியால் கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் குழாயின் சூட்டை மாதம் ஒருமுறை பார்க்கிறேன். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சூடாக இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. பின்பக்கம் அளவுக்கு மீறி ஏறினால் மறுபடி காயிலைப் பார்க்க வேண்டும்.

சூட்டுக் கவசத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாற்றுக் கன்வெர்ட்டர் வடிவத்தில் வேறுபடுவதால் பழைய கவசத் தகடு பொருந்தாது. பட்டறைகளில் அதைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். அப்படி விடாதீர்கள். அந்த அண்ணனிடம் ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்து, கன்வெர்ட்டருக்கு மேலும் கீழும் இடைவெளி விட்டு இரண்டு தகடுகள் வளைத்து மாட்டினேன். அதற்காக இன்னும் அரை அங்குலம் உயரம் குறைந்தது, வேகத்தடையில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. ஆனாலும் உளுந்தோ வைக்கோலோ பரப்பிய சாலை எதிர்ப்பட்டால் நான் இப்போதும் ஏறுவதில்லை. நிறுத்தி இறங்கிக் கேட்டால், ஒரு சக்கரம் போகும் அளவுக்காவது அவர்களே ஒதுக்கித் தருகிறார்கள்.