ஓபன்ரிஃபைன்: மூன்று வருடப் பயன்பாடும் ஒரு வௌவால் மீனும்

தொண்டியில் மீன் கொள்முதல் பார்க்கும் நண்பர் கேட்டார்: "பிக் டேட்டா, டேட்டா குவாலிட்டினு மேலிடத்துல பேசுறாங்க. ஓபன்ரிஃபைன் போட்டா சரியாயிருமாண்ணே?"

ஓபன்ரிஃபைன் என்பது தாறுமாறாக இருக்கும் பட்டியலைச் சுத்தம் செய்யும் மென்பொருள். அதற்கு முன்னால் பிக் டேட்டா, அதாவது வழக்கமான மென்பொருளுக்கு அடங்காத தரவு. 2001-இல் டக் லேனி என்ற தொழில்நுட்ப ஆய்வாளர் அளவு, வேகம், வகை என்று தரவு பெருகும் மூன்று விதங்களைச் சொன்னார். கொள்முதல் கூடத்துச் சீட்டுகள் எக்செலின் 10,48,576 வரிசையைத் தாண்டுவதே அரிது. அளவு பிரச்சினை இல்லை. ஒரே மீனை நாலு பேர் நாலு விதமாக எழுதுவதுதான் பிரச்சினை.

ஓபன்ரிஃபைன் இலவசம். பிரவுசரில் திறந்தாலும் ஓடுவது நம் கணினியில்தான். விலைப்பட்டியல் வெளியே போகாது. டெக்ஸ்ட் ஃபேசட் என்ற வசதியைப் போட்டதும் மீன் பெயர்கள் எண்ணிக்கையோடு வரிசை கட்டி நிற்கும். அங்கேதான் எரிச்சல் தொடங்குகிறது: வௌவால் 412, வெளவால் 97, வவ்வால் 38 என்கிற மாதிரி. முதல் இரண்டும் திரையில் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றில் இருப்பது ஔகாரக் குறி. மற்றதில் ஒற்றைக்கொம்பு போட்டு ளகரத்தைத் தட்டியிருக்கிறார்கள். கண்ணுக்கு ஒரு மீன், கணினிக்கு இரண்டு.

ஒன்றுபோன்ற சொற்களைக் கூட்டமாக்கிக் காட்டும் கிளஸ்டர் வசதி இதைச் சேர்க்க வேண்டும். அப்படியே விட்டால் சேர்க்காது. ஒலியை வைத்துச் சேர்க்கும் மெட்டாஃபோன் ஆங்கிலத்துக்கானது, தமிழ் எழுத்துக்கு உதவாது. எத்தனை எழுத்து மாறுகிறது என்று எண்ணும் லெவன்ஷ்டைன் முறையில் பிளாக் அளவு (பொதுவாக இருக்க வேண்டிய தொடரின் நீளம்) 6, ரேடியஸ் (அனுமதிக்கும் வித்தியாசம்) 1 என்றுதான் முதலில் இருக்கும். இந்த இரண்டு சொற்களுக்கும் பொதுவான தொடர் "வால்" மட்டும், அதாவது கணினிக் கணக்கில் நாலு குறியீடு (வ, கால், ல, புள்ளி); வித்தியாசமோ இரண்டு. பிளாக்கை 3, ரேடியஸை 2 ஆக்கினால் மாட்டும். அதே அமைப்பைப் படகுக்காரர் பெயர் நெடுவரிசையில் ஓட்டினால் முருகனும் முருகேசனும் ஒரே ஆள் ஆகிவிடுவார்கள். மெர்ஜ் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு டிக் செய்தால் ஒருவர் பணம் இன்னொருவர் கணக்கில்.

ஒகர, ஓகாரத்தில் கொம்பும் காலும் தனித்தனியாக ஏறியிருந்தால், எக்ஸ்பிரஷன் மொழியை (திருத்தக் கட்டளை எழுதும் மொழி) ஜைத்தானுக்கு மாற்றி, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவரலாம், இரண்டே வரி. ளகரக் கோளாறுக்கு அது பலிக்காது. ஒற்றைக்கொம்பை அடுத்து ளகரம் வரும் எல்லா இடத்திலும் ஔகாரமாக மாற்றிவிட்டால் "வெள்ளை இறால்" உடைந்துபோகும். ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்ற ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடும் சூத்திரம்) எழுத வேண்டும். நெய்மீனும் வஞ்சிரமும் ஒன்றென்று எந்தக் கிளஸ்டரும் சொல்லாது.

எதிர்பாராத சந்தோஷம் தேதியில். நம் கடலில் விசைப்படகுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்த நாட்களை மட்டும் ஃபேசட்டில் வடிகட்டினால் விசைப்படகுச் சீட்டு ஒன்றும் வரக்கூடாது. வந்தால் அது பெரும்பாலும் திருட்டு இல்லை, எக்செல்! அமெரிக்க முறையில் அமைந்த கணினி 5/7-ஐ மே 7 என்று படித்திருக்கும். அது ஜூலை 5. நாள் 12-க்கு மேல் போனால் தேதியாக மாறாமல் வெறும் எழுத்தாகவே நிற்கும். அதனால் ஒரே நெடுவரிசையில் பாதி தேதி, பாதி எழுத்து. இந்த ஒரு சோதனைக்காகவே இதை வைத்துக்கொள்ளலாம்.

செய்த திருத்தங்களை ஜேசன் (JSON) கோப்பாக எடுத்து அடுத்த மாதக் கோப்பில் ஓட்டலாம் என்பதும் நல்லதுதான். ஆனால் கிளஸ்டர் திருத்தம் பழைய எழுத்துப்பிழைகளை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். புதுப் பையன் புதிதாகத் தப்பு செய்வான்.

இவ்வளவு சொல்லிவிட்டு நண்பருக்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். சீட்டு போடும் இடத்தில் மீன் பெயரைத் தட்ட விடாதீர்கள். டிராப்-டவுனில் மீனுக்கொரு எண், அளவுக்குப் பக்கத்தில் கிலோவா பெட்டியா என்று தனி நெடுவரிசை. ஒரு சீசன் அப்படிப் போகட்டும். அதுவரை பழைய கோப்பு எதையும் அழிக்காதீர்கள். அந்த வௌவாலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.