ஆராய்ச்சித் தரவுக்கு ட்ரூநாஸ்: சில வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

சேலத்தில் ஒரு பல்கலைக்கழகத் துறையின் ஆராய்ச்சித் தரவுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு கணினியை எல்லோரும் நெட்வொர்க் வழியாக ஃபைல் வைக்கும் சர்வராக்கும் மென்பொருள்தான் ட்ரூநாஸ்; அதற்கு ஃப்ரீநாஸ் என்ற பெயர் இருந்தபோதே போட்டது எங்கள் சர்வர். 2020-இல் அந்தப் பெயர் ட்ரூநாஸ் ஆனது, இன்றும் அதேதான். மென்பொருள் இலவசம், அடியில் டிஸ்க்குகளில் தரவை எழுதிக் காக்கும் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம். பல டிஸ்க்குகளில் தரவைப் பரப்பி எழுதும் ரெய்டு-இசட்2 அமைப்பு என்பதால் எந்த இரண்டு டிஸ்க் ஒன்றாகப் போனாலும் தரவு தப்பிக்கும்.

ஒரு நேரத்தில் ஃபைல்கள் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் ஒன்றுக்காகவே இதை வைத்துக்கொள்ளலாம். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் மண் மாதிரி எடுக்கும் மாணவி ஒருவர் மாதிரிகளுக்கு 3-2, 4-1 என்று எண் கொடுத்திருந்தார். எக்செல் அதை 03-பிப், 04-ஜன என்று தேதியாக்கி வைக்க, கவனிக்காமல் சேமித்தும் ஆயிற்று. "சார், நான் எதையும் மாத்தலையே!" உண்மைதான். ஜீன் பெயர்களையே அது விட்டுவைக்கவில்லை; மார்ச்1 என்ற ஜீனை 2020-இல் மார்ச்எஃப்1 என்று மாற்ற வேண்டிவந்தது இந்தத் தொல்லையால்தான். "ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி, ப்ராப்பர்ட்டீஸ்ல ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ் பாரும்மா" என்றேன். முந்தின நாள் ஃபைல் அப்படியே இருந்தது, அவரே எடுத்துக்கொண்டார். மாறிய பகுதிக்கு மட்டுமே இடம் பிடிப்பதால் மணிக்கொரு ஸ்னாப்ஷாட் போட்டாலும் டிஸ்க் நிரம்பிவிடுவதில்லை.

அடுத்தது ஸ்க்ரப். மாதம் ஒருமுறை எல்லாத் தரவையும் படித்து செக்சம் (தரவு கெட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும் எண்) சரிபார்க்கும். ஒருமுறை ஒரு டிஸ்க்குக்கு நேரே பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. புது டிஸ்க் வாங்க மூன்று கொட்டேஷன், அதற்கு மேல் கையெழுத்துகள் (தெரிந்த கதைதானே). அதற்குள் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பார்த்தோம், ஏறுவது நின்றுவிட்டது.

குறை என்றால் முதலில் கரண்ட்தான், அதில் ட்ரூநாஸ் மேல் பழி இல்லை. சித்திரை மாதத்தில் ஏற்காடு மலைப் பக்கம் இடி இறங்கினால் எங்கள் பில்டிங்கில் கரண்ட் போய்ப் போய் வரும். யுபிஎஸ்ஸில் யுஎஸ்பி போர்ட் இருந்தால் பேட்டரி தீரும் முன் சர்வர் தானாக அணைந்துவிடும். எங்களுக்கு முதலில் வந்ததில் அந்த போர்ட்டே இல்லை. டெண்டரில் அந்த ஒரு வரியை எழுத வையுங்கள்.

தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கை இதில் போடவே கூடாது. ஒன்று பழுதானால் மாற்று டிஸ்க்கில் தரவை மீண்டும் எழுதி முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று கேட்கும் பேராசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலோ தீப்பிடித்தாலோ ரெய்டு என்ன செய்யும்? இன்னொரு கட்டடத்தில் இரண்டாவது பெட்டி வைத்து, தினமும் இரவு ஸ்னாப்ஷாட்டை அங்கே அனுப்புகிறோம்.

ரெய்டு-இசட்டில் ஒரே ஒரு டிஸ்க்கைக் கூடுதலாகச் சேர்க்க முடியாது என்பது பழைய புகார். ட்ரூநாஸ் பயன்படுத்தும் இசட்எஃப்எஸ்ஸின் 2025-இல் வந்த பதிப்பான ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3-இல் அதுவும் தீர்ந்தது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் ஃபைல்கள் பழைய டிஸ்க் எண்ணிக்கைக் கணக்கிலேயே கிடக்கும். மறுபடி எழுதினால்தான் முழு இடமும் கைக்கு வரும்.